கலியாண மண்டபமும் சமையல்கட்டும்



கலியாணத்துக்கு நாள் நட்சத்திரம் வேண்டாம், புரோகிதன் வேண்டாம், ஓமப் புகை வேண்டாம் என்று நாம் சொல்லி வந்ததில் ஓரளவு பலன் கண்டிருக்கிறோம். புரோகிதன் இல்லாமல் நடக்கும் கலியாணம் செல்லும் என்று 1967-ல் அண்ணாதுரை மந்திரிசபை காலத்தில் சட்டமும் செய்தாகிவிட்டது. ஆனால், இன்றைய தினம் ஒரு கலியாண மண்டபத்துக்குப் போய், "இடத்தை மட்டும் கொடுங்கள், சமையலுக்கு எங்கள் ஆளை நாங்களே வைத்துக்கொள்கிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். அப்போது தெரியும், புரோகிதனை வெளியே அனுப்பியதுதான் சுலபம், மண்டபத்துச் சமையல் காண்ட்ராக்டரை வெளியே அனுப்புவது அதைவிடப் பெரிய பாடு என்பது. புரோகிதன் தனக்கு வரவேண்டியதை முடிந்துகொண்டு மத்தியானத்துக்குள் போய்விடுவான். காண்ட்ராக்டரோ சாப்பிட வந்தவனுக்கும் வாங்கிக்கொண்டு, வராதவனுக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு அல்லவா போகிறார்!

இதைப் பற்றி நான் எழுத நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனது தமக்கையார் மகளுக்குக் கலியாணம் நிச்சயமாயிற்று. சடங்கு கிடையாது, மாலை மாற்றி ஒப்பந்தம் படித்துக் கையெழுத்துப் போடுவது என்று இரு தரப்பிலும் சம்மதம். பக்கத்து ஊரில் புதிதாகக் கட்டிய ஒரு மண்டபத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் முன்பணம் கட்டினோம். கட்டும்போது சமையலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ரசீதின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் ஏதோ இருந்தது, அதை நாங்களும் படிக்கவில்லை. எட்டாவது வரை படித்துவிட்டு மற்றதைப் பத்திரிகைகளிலும் புத்தகங்களிலும் தேடிப் படித்தவன் என்று மார்தட்டிக்கொள்கிற நான், ஒரு ரசீதைப் படிக்காமல் பணத்தைக் கொடுத்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கள் ஊருக்கு அடுத்த காலனியில் பத்துப் பெண்கள் சேர்ந்து சமையல் குழு ஒன்று நடத்துகிறார்கள். அவர்களில் இரண்டு பேர் பள்ளிக்கூடச் சத்துணவில் சமைத்துக் கை பழகினவர்கள். முந்நூறு, நானூறு இலை அவர்களுக்கு ஒரு பொருட்டல்ல. நூறு இலைக்குப் பத்து கிலோ அரிசி என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தப்பி நான் பார்த்ததில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்த சீட்டும் வைத்திருக்கிறார்கள். அவர்களைத்தான் கலியாணத்துக்கு ஏற்பாடு செய்தேன். பிறகு மண்டபத்து மேனேஜரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணே, வெளியாள் சமையல் இங்கே வழக்கமில்லை. நம்ம காண்ட்ராக்டர்தான். குறைந்தது நானூறு இலை" என்றார்.

ஏன் என்று கேட்டேன். "சுத்தம் பார்க்கணும் இல்லையா அண்ணே?" என்றார். சீட்டைக் காட்டினேன். வேண்டுமானால் அவர்கள் சமைக்கிற இடத்தை ஒரு நாள் வந்து பாருங்கள் என்று சொன்னேன். உடனே அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாரு அவங்க? எந்தத் தெரு?" என்று விசாரித்தார். சொன்னேன்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியாததா? அவங்க இந்தச் சமையல்கட்டில் சமைச்சாங்கன்னு வெளியே தெரிஞ்சா, நாளைக்கு வேற முகூர்த்தக்காரங்க யாரு வருவாங்க?"

சுத்தம் என்று ஆரம்பித்தது எங்கே வந்து நின்றது பார்த்தீர்களா? பாத்திரம் சுத்தமா, தண்ணீர் சுத்தமா, கை சுத்தமா என்று கேட்டிருந்தால் அது யோக்கியமான கேள்வி. அவர் கேட்டது எந்தத் தெரு என்று. தெருவைக் கேட்டுச் சுத்தத்தைத் தெரிந்துகொள்ளும் வித்தையை மனு எழுதிவைத்தான். மண்டபத்து மேனேஜர் அதை ரசீதின் பின்பக்கத்தில் அச்சடித்து வைத்திருக்கிறார்.

இதோடு போயிருந்தால்கூட, "அவர்கள் விதி அப்படி, எல்லோருக்கும் ஒரே விதி" என்று யாராவது சமாதானம் சொல்லலாம். பத்து நாள் கழித்து அதே மண்டபத்தில் வேறொருவர் வீட்டுக் கலியாணத்துக்குப் போனேன். வாசலில் வரவேற்புப் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை தொங்கிற்று, இன்ன அய்யர் கேட்டரிங் என்று. அது மண்டபத்துக் காண்ட்ராக்டர் அல்ல. கலியாண வீட்டார் வெளியூரிலிருந்து வரவழைத்தது. மேனேஜரைக் கூப்பிட்டு, "வெளியாள் வழக்கமில்லை என்றீர்களே?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் கூசாமல், "அவங்க இலைக்கு இருபத்தஞ்சு ரூபாய் மண்டபத்துக்குக் கட்டிட்டாங்க அண்ணே" என்றார். நானும் அந்த இருபத்தைந்தைக் கட்டுகிறேன், எங்கள் ஆட்களை விடுங்கள் என்றேன். அதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை.

ஆகவே, விதி என்பது ஒன்று பணத்துக்கு வளைகிறது, இன்னொன்று ஜாதிக்கு வளைகிறது. இரண்டும் இல்லாதவனுக்கு மாத்திரம் விதி விதியாகவே நிற்கிறது.

நிற்க. மண்டபக்காரர் பக்கத்தில் நியாயமே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. வெளியிலிருந்து வருகிறவன் எச்சில் இலையைச் சாக்கடையில் தள்ளிவிட்டுப் போவான், தரையெல்லாம் எண்ணெய் ஆக்குவான், அடுப்பை அணைக்காமல் போவான், அண்டாவின் மூடியைத் தூக்கிக்கொண்டு போவான் என்கிறார்கள். உண்மைதான், சிலர் அப்படிச் செய்யத்தான் செய்கிறார்கள். நெருப்பு விஷயமும் அலட்சியம் செய்யத்தக்கதல்ல. ஆனால் ஒரு சங்கதியை நினைத்துப் பாருங்கள். 2004-ம் வருஷம் ஜனவரி மாதம் ஸ்ரீரங்கத்தில் கலியாண மண்டபம் ஒன்று தீப்பிடித்து, மாப்பிள்ளை உள்பட ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தீ மூண்டது வெளியூர்ச் சமையல்காரன் அடுப்பிலா? இல்லை. மண்டபத்தில் போட்டிருந்த கீற்றுக் கொட்டகையும் மின்சாரமும் சேர்ந்து மூட்டிய தீ அது. தன் கூரையையும் கம்பியையும் வாசலையும் கவனிக்க வேண்டியவன் மண்டபக்காரன். அதை விட்டுவிட்டு, சாம்பார் கிண்டுகிறவன் எந்த ஊர் என்று விசாரிப்பதால் யார் உயிர் தப்பும்? சமையல்கட்டுக்கு நஷ்டம் வருமென்று பயமிருந்தால் அதற்கென்று தனியாக முன்பணம் வாங்கட்டும். பாத்திரத்தை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கட்டும். குப்பை அள்ளக் கூலி கேட்கட்டும். இதையெல்லாம் எவன் ஆட்சேபிக்கப் போகிறான்?

பணக் கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம், ஏனென்றால் நம்மவர்களில் அநேகர் மானத்தைவிடக் கணக்குக்குச் சீக்கிரம் செவி சாய்ப்பார்கள். இலை ஒன்றுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 400 இலை என்று மண்டபத்துக் காண்ட்ராக்டர் எழுதி வாங்கிக்கொள்கிறார். வந்து சாப்பிட்டது 310 பேர். பாக்கி 90 இலை விரிக்கப்படவும் இல்லை, அதில் ஒரு பருக்கை விழவும் இல்லை. ஆனால் அதற்கு 27,000 ரூபாய் கொடுத்தாக வேண்டும். பிதிர்களுக்குப் பிண்டம் வைப்பதைக் கேலி செய்கிறோமே, அதுவாவது ஒரு பிடி அரிசியோடு போயிற்று. வராத விருந்தாளிக்கு 90 இலைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுகிற இந்தச் சிரார்த்தத்துக்கு என்ன பெயர் வைப்பது?

வெளிச் சமையல்காரரிடம் இந்தப் பிடுங்கல் இல்லவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அங்கேயும் இரண்டு விதம் உண்டு. மளிகையும் காய்கறியும் நாமே வாங்கிக் கொடுத்து, சமைத்துப் பரிமாறுவதற்குக் கூலி மட்டும் பேசுவது ஒன்று. எல்லாம் அவர் பொறுப்பு, இலைக்கு இவ்வளவு என்பது மற்றொன்று. முதலாவதில் நமக்கு அலைச்சல் உண்டு, ஏமாற்று குறைவு. மிஞ்சிய சாமான் நம்மோடு வீட்டுக்கு வரும். இரண்டாவதில் அலைச்சல் இல்லை. அலைச்சல் இல்லாததற்கு விலை உண்டு. எதுவானாலும் இலை எத்தனை கட்டு வந்தது, எத்தனை மிஞ்சிற்று என்று எண்ணிப் பார்க்கவும், பந்தி வாசலில் நின்று தலை எண்ணவும் வீட்டில் ஒரு ஆள் வேண்டும். அந்த வேலைக்கு மாப்பிள்ளையின் தகப்பனாரைப் போடாதீர்கள். அவர் வருகிறவர்களுக்குக் கும்பிடு போடுவதிலேயே எண்ணிக்கையை விட்டுவிடுவார்.

மண்டபத்துச் சமையலில் மற்றொரு சங்கதி, அநேக மண்டபங்களில் 'சைவம் மாத்திரம்' என்று எழுதிப் போட்டிருப்பது. 2014-ல் இந்திய அரசாங்கத்தார் எடுத்த கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் மாமிசம் சாப்பிடுகிறவர்கள். மூன்று பேருக்குக் கூச்சமாக இருக்குமே என்று 97 பேர் தங்கள் சாப்பாட்டை ஒளித்துவைக்கிறார்கள்! முகூர்த்தத்தன்று மண்டபத்தில் உருளைக்கிழங்குக் கறியும் பாயசமும், மறுநாள் தோட்டத்துக் கொட்டகையிலோ மாப்பிள்ளை வீட்டு மாடியிலோ கறிவிருந்து. ஏதோ களவு சாராயம் காய்ச்சுகிறவர்களைப் போலப் பயந்து பயந்து ஆட்டுக்கறி சமைக்கிறார்கள். சைவம் சாப்பிடுகிறவர் சைவம் சாப்பிடட்டும், அவருக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம் வைத்து மரியாதையாகப் பரிமாறுவோம். ஆனால் நமது வாடகையை வாங்கிக்கொண்டு, நமது வீட்டுச் சாப்பாடு கலியாணத்துக்கு லாயக்கில்லாதது என்று நம்மிடமே சொல்வதற்கு மண்டபக்காரன் யார்?

இதற்கெல்லாம் மண்டபக்காரனை மட்டும் திட்டி முடித்துவிட்டால் அது யோக்கியமாகாது. 'அய்யர் சமையல்' என்ற பலகை ஏன் தொங்குகிறது? அதைப் பார்த்து மயங்க ஆள் இருப்பதால் தொங்குகிறது. மயங்குகிறவர்கள் யார்? பெரும்பாலும் பார்ப்பனரல்லாத நம்மவர்களே! கலியாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர், "சமையல் அய்யர்தான்" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போகிறார். ஏதோ கவர்னர் வருகிறார் என்பதுபோல! கரண்டி பிடித்து, அனலில் வெந்து வேலை செய்கிற எந்தப் பார்ப்பனச் சமையல்காரரிடத்திலும் எனக்குச் சண்டை கிடையாது, உழைக்கிறவர் உழைக்கிறார். ஆனால், அவர் ஜாதியைப் பலகையில் எழுதினால்தான் ரசத்துக்கு ருசி வரும் என்கிறவனிடத்தில் எனக்குச் சண்டை உண்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், பலகையில் அய்யர் இருப்பாரே தவிர, பின்கட்டில் போய்ப் பார்த்தால் காய் நறுக்குவதும் மாவு அரைப்பதும் அண்டா கழுவுவதும் பெரும்பாலும் வேறு ஜாதிப் பெண்களாகத்தான் இருக்கும். அந்தக் கையால் நறுக்கிய காய் இலைக்கு வரும்போது அய்யர் சமையல் ஆகிவிடுகிறது!

இதெல்லாம் நாம் புதிதாகக் கண்டுபிடித்த சண்டையல்ல. தமிழ்நாடு காங்கிரஸ் பணம் பெற்று நடந்த சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு போட்டார்கள் என்பதிலிருந்துதானே 1924, 1925-ம் வருஷங்களில் தமிழ்நாடே கொதித்தது? ரயில்வே சாப்பாட்டுக் கடைகளில் பிராமணாளுக்கு வேறு, மற்றவர்களுக்கு வேறு என்று தடுத்து வைத்திருந்ததை 1941-ல் எடுக்க வைத்தோம். 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டல் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற ஒரே ஒரு சொல்லை அழிக்க எத்தனை தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து ஜெயிலுக்குப் போனார்கள்! அப்படி அழித்த சொல்லை இப்போது நாமே கூலி கொடுத்து, பிளாஸ்டிக் துணியில் அச்சடித்து, நம் வீட்டுக் கலியாண வாசலில் கட்டிக்கொள்கிறோம்.

சமைக்கிற கை எது என்று பார்க்கும் நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு ஒன்றே ஒன்று சொல்லுகிறேன். 2018-ல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிக்குப் பக்கத்தில் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கத் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு அம்மையார் வந்தபோது, எங்கள் பிள்ளைகளுக்கு இவள் சமைக்கக் கூடாது என்று ஊரார் திரண்டு மறித்தார்கள். அதிகாரிகளும் அந்த அம்மையாரை வேறிடத்துக்கு மாற்றினார்கள். பிறகு எதிர்ப்புக் கிளம்பவே உத்தரவு ரத்தாகி, மறித்தவர்கள்மேல் வழக்கும் வந்தது. மறித்தவர்களில் எத்தனை பேர் பார்ப்பனர்? நெஞ்சில் கையை வைத்துச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றை வாங்குவதற்கு இன்னொன்றையும் வாங்கித்தான் ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்துவது, 2019-ம் வருஷத்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கூடாத வியாபார முறை என்று விளக்கப்பட்டிருக்கிறது. மாவட்டத்திலேயே அதற்கு ஆணையம் இருக்கிறது, மனுப் போடலாம். ஜாதி காரணமாக ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுப்பது 1955-ம் வருஷத்துச் சட்டத்திலேயே குற்றம். இதையெல்லாம் காலனிப் பெண்களிடம் எடுத்துச் சொல்லி, போலீசுக்குப் போகலாமா என்று கேட்டேன். அவர்களில் மூத்தவர் சொன்னார்: "அண்ணே, கேசு போட்டா உங்களுக்குப் பேரு. எங்களை அப்புறம் எவன் சமையலுக்குக் கூப்பிடுவான்? எங்களுக்கு வேலையைக் கொடுங்க, அது போதும்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. மேடையில் இரண்டு மணி நேரம் பேசுகிறவன் நான்.

என் தமக்கையாரோ, "தம்பி, பொண்ணு கலியாணத்தை வைத்துக்கொண்டு நீ ஊர்ச் சண்டையை விலைக்கு வாங்குகிறாயே, பேசாமல் அந்தக் காண்ட்ராக்டரையே வைத்துக்கொள்வோம், முன்பணமாவது மிஞ்சும்" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மாளைக் குற்றம் சொல்ல மாட்டேன். முன்பணம் அவர் பால் மாட்டில் சேர்த்த பணம். கடைசியில் கலியாணப் பெண்தான் முடிவு சொன்னாள். "மாமா, எனக்குச் சமைக்கக் கூடாது என்று அவங்களைச் சொன்ன இடத்தில் எனக்குக் கலியாணம் வேண்டாம்" என்றாள்.

காலனிக்குப் பக்கத்திலுள்ள ஊராட்சி சமுதாயக் கூடத்தை எடுத்தோம். மின்விசிறி நாலில் மூன்றுதான் சுற்றும். வெளியே கோட்டை அடுப்பு வெட்டி, அந்தப் பத்துப் பெண்களும் விடியற்காலம் மூன்று மணிக்கே சமையலில் இறங்கினார்கள். கூலி பேசும்போது, காய் நறுக்குகிறவருக்கும் கரண்டி பிடிக்கிறவருக்கும் சமக் கூலி என்றார்கள்; பெரிய கேட்டரிங்காரர் எவரிடமும் நான் கேட்காத பேச்சு அது. ராத்திரி பன்னிரண்டு மணி வரை பரிமாறுகிற காலேஜ் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று மண்டபத்துக் காண்ட்ராக்டரைக் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றிவிடுவார். பாயசத்தை முன்கூட்டியே காய்ச்சி வைக்க மாட்டோம், பந்திக்கு அரை மணி முன்புதான் இறக்குவோம் என்றார்கள். சாதத்தையும் குழம்பையும் சூடு ஆறவிடவே இல்லை. கோழிக் குழம்பு ஒரு பக்கம், சைவக்காரருக்குத் தனி அடுப்பில் சாம்பார் ஒரு பக்கம். பந்தியில் நானே உட்கார்ந்து சாப்பிட்டேன். உப்பு, காரம் எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. ரசத்தில் மிளகு சற்றுத் தூக்கல், அது எனக்குப் பிடிக்கும்.

வந்தவர்கள் 310 பேர். விரித்த இலை 250. மீதி 60 பேர் மொய் எழுதினார்கள், மணமக்களை வாழ்த்தினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், சாப்பிடாமல் போனார்கள். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு விரதம், ஒருவருக்கு பஸ்ஸுக்கு நேரமாயிற்று. மிஞ்சிய அறுபது பேர் சாப்பாட்டைச் சூடு ஆறுவதற்குள் காலனிப் பிள்ளைகளுக்கே பந்தி போட்டுக் கொடுத்துவிட்டோம். பெண்களுக்குப் பேசிய கூலி அன்று சாயங்காலமே கொடுத்தாயிற்று. முன்பணம் ஐம்பதாயிரத்தை மண்டபக்காரர் இன்னும் திருப்பித் தரவில்லை. மாவட்ட ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம்.

அந்த அறுபது பேரில் ஒருவர் நமது மேடையில் சமபந்தியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர். வாழ்த்துரையும் அன்று அவர்தான் சொன்னார். சொல்லிவிட்டு, வயிறு சரியில்லை என்று போய்விட்டார். அவர் யார் என்று நான் எழுதப்போவதில்லை. அவர் இந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டி வாங்குகிறவர், எப்படியும் படிப்பார்.